இரண்டு டம்ளர் மாவு, இரண்டு பிடி குறைய

சவுரியப்பன் சார் போட்ட விதி ஒன்றுதான். செய்முறைத் தாளில் டம்ளர், கரண்டி, பிடி எதுவும் வரக் கூடாது. எல்லாம் கிராமில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தேர்வில் என் தாளைப் படித்து இன்னொருவர் சமைப்பார். எங்கள் வீட்டு ருசி வந்தால் எனக்குத் தேர்ச்சி. வந்ததா என்று நான்தான் சொல்ல வேண்டும், பொய் சொல்லாமல்.

பகலில் தர்மபுரியில் துணிக்கடை வேலை, மாலையில் இந்தச் சமையல் வகுப்பு. எழுதுவதற்கு எனக்கு ராகிக் களியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில்தான் வருவார்கள். வீட்டில் நானும் தேன்மொழி அக்காவும். அப்போது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. களிக்கு மாவு அளப்பது என் வேலை. எவர்சில்வர் டம்ளரில் அள்ளி, பள்ளிக்கூட ஸ்கேலால் மேலே வழித்துவிடுவேன். இரண்டு டம்ளர் மாவு, நான்கு டம்ளர் தண்ணீர். பிறகு அக்கா என்னைக் கொல்லையில் விறகு எடுத்துவர அனுப்புவாள். திரும்பி வந்தால் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்த டம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை அதில் தண்ணீர் நிரப்பி நிறுத்தேன். இருநூறு கிராம். அதையே மாவுக்கும் எழுதிக்கொண்டு நானூறு கிராம் போட்டேன். களி கிண்டும் துடுப்பு பானைக்குள் அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. புதன்கிழமை புத்தி வந்து, மாவையே ஸ்கேலால் வழித்து நிறுத்தேன். டம்ளருக்கு நூற்றுப் பதினெட்டு. இந்த முறை களி ஒழுங்காக வந்தது, உருண்டையும் பிடிக்க முடிந்தது. ஆனால் அது எங்கள் களி இல்லை. எங்களுடையது விரல் பட்டாலே விலகிக் கொடுக்கும். கீரைக் கடைசலோடு தானாகத் தொண்டையில் இறங்கிவிடும். என் நினைவுதான் தப்போ என்று சந்தேகம் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான்.

வியாழக்கிழமை காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். மாரண்டஹள்ளியில் அவளும் மாமாவும் காய்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். கணக்கெல்லாம் சொன்னேன். சிரித்தாள்.

"நீ வழிச்சு வெச்ச மாவு அப்படியே உலைக்குப் போச்சுன்னா நெனச்ச? நீ வெறகுக்குப் போனதும் டம்ளருக்கு ஒரு பிடி திரும்ப மாவுப் பானையில போட்டுருவேன். அப்பா வர்ற வரைக்கும் மாவு வரணுமில்ல."

தண்ணீரைக் குறைக்கவில்லையா என்று கேட்டேன்.

"தண்ணியக் கொறச்சா உனக்கு வயிறு ரொம்புமா? சின்னப் புள்ளைங்க எளக்கமாத்தான் திங்கணும்னு சொல்லுவேன். நீயும் நம்பிட்டுத் தின்ன."

தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு, ஒரு பிடி எத்தனை கிராம் என்று கேட்டேன். அவள் மகள் சுசித்ராவுக்கு இப்போது அதே பதினொரு வயது. அவளைக் கூப்பிட்டு, மாவில் ஒரு பிடி அள்ளிக் கடைத் தராசில் போடச் சொன்னாள். முப்பது. நான் இன்னும் இரண்டு முறை அள்ளச் சொன்னேன். முப்பத்து மூன்று, முப்பது. சராசரி முப்பத்தொன்று. கழித்துவிட்டுத் தாளில் எழுதினேன்: ராகி மாவு 174 கிராம், தண்ணீர் 800 கிராம்.

வெள்ளிக்கிழமை என் தாள் வகுப்புத் தோழன் இளம்பரிதிக்குப் போனது. கிண்டிக்கொண்டே, இதை உருட்ட முடியாது, ஊற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். வகுப்பு சிரித்தது. சார் ஒரு வாய் எடுத்தார்.

"மாவு பத்தலியேம்மா. தப்பா நிறுத்துட்டியா?"

நானும் ஒரு வாய் எடுத்தேன். விலகிக் கொடுத்தது. தானாக இறங்கியது.

"இல்லீங்க சார். எங்க வூட்டுக் களி இதாங்க."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேருந்தில் அந்தத் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு பிடி, அறுபத்திரண்டு கிராம். முப்பது நாளுக்கு மிச்சம் 1,860. எங்கள் அளவில் அது பத்து நாள் களிக்கும் மேலே. இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கு சரிதான்.