செவ்வாய், வெள்ளித் தலைவலி

பாரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பெயரை மருந்துக் கடையில் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு எண்ணூரில், கம்பெனிப் புகைபோக்கிக்கு எதிரிலேயே வீடு வாய்த்தால் கேட்க வேண்டுமா?

மழைக்காலத்தில் ஒருநாள் காற்றில் கண் எரிந்தது. அன்றைக்கே படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் பார்சல் டேப் ஒட்டினான். கதவடியில் திணிக்கப் பழைய புடவை ஒன்றைச் சுருட்டி வைத்தான். உள்ளே இருப்பது அவன் மனைவி செங்கொடியும், பிறந்து மூன்று மாதமான பெண் குழந்தையும். அவர்களுக்காக அவன் அந்தப் புகைபோக்கிக்கே தார்ப்பாய் கட்டுவான், ஜன்னல் எம்மாத்திரம்!

டேப் ஒட்டியும் செங்கொடிக்குத் தலைவலி வந்தது. குமட்டல், எழுந்தால் கிறுகிறுப்பு. ரத்தத்தில் குறையில்லை, தூக்கம்தான் போதவில்லை என்றார் டாக்டரம்மா. பாரி நம்பவில்லை. அந்தம்மாவின் வீட்டுக்காரர் கம்பெனியில் வேலை செய்கிறாரோ என்று விசாரித்தும் பார்த்தான். அவர் தபால் ஆபீசில் இருந்தார்.

பாரி கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மூடின கன்டெய்னருக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, தூக்கம்போல் வந்து ஆளைச் சாய்த்துவிடும் என்று அங்கே வகுப்பு எடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரன் விடுவது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். கலெக்டர் ஆபீசுக்குச் சாட்சி வேண்டுமே! நாற்பது பக்க நோட்டு ஒன்றில் செங்கொடிக்குத் தலை வலிக்கிற நாளையும் நேரத்தையும் குறித்துவந்தான். ஆறு வாரத்தில் திருட்டு பிடிபட்டது. செவ்வாய், வெள்ளி. இரண்டு நாளும் சாயங்காலம் ஆறரைக்கு மேல்.

“வாரத்துல ரெண்டு நாளு ஷிஃப்ட் போட்டு தொறந்து வுட்றான்மே!” என்று செங்கொடியிடம் வெற்றியோடு சொன்னான்.

ஆனால் அந்த வாயுவைக் காட்டும் என்று போனில் ஆர்டர் செய்து வாங்கின கருவி அவன் காலை வாரியது. மொட்டைமாடியில் காவல் இருந்துவிட்டு ராத்திரி அதை உள்ளே கொண்டுவந்து வைத்தால், செங்கொடி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோதும் அது அசையாமல் பூஜ்யம் காட்டியது. மறு வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனான். அங்கே ஹெல்மெட், கையுறை, தீயணைப்பான் விற்கிற ஞானதுரையின் கடை இருந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

“அண்ணாச்சி, இத்த பாருங்க. வூட்ல பொண்டாட்டி தலய புடிச்சிகினு குந்திகினு கீறா, இது முட்ட போட்டுகினு கீது.”

ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “சாமான்ல குத்தமில்ல தம்பி. இது செய்ததே அப்படித்தான். முப்பதுக்குக் கீழ எம்புட்டு இருந்தாலும் பூஜ்யம்னுதான் காட்டும். எழுபதைத் தாண்டி ரொம்ப நேரம் நின்னாத்தான் கத்தும்.”

“அதெப்டி? கீறத இல்லன்னு காட்டச் சொல்லி எவன் சொன்னான்?”

“சும்மாச் சும்மா கத்துனா ஆளுக கழத்திப் போட்டுருவாங்கல்லா. உயிர் போற ஆபத்துக்கு மட்டும் இது போதும். பச்சப்புள்ள இருக்கிற வீட்டுக்குப் பத்தாது.” அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். “இது அஞ்சுலேருந்தே நம்பர் காட்டும். கொஞ்சங் கொஞ்சமா ஏறுததைப் பிடிக்கணும்னா இதத்தான் வாங்கணும்.”

விலை கூடின சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பாரிக்குப் பட்டது. கருவியைத் திருப்பித் தயாரித்த தேதி பார்த்தான். சென்சார் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டான். சிலிண்டர் கசிவு காட்டுகிற பெட்டிக்கு வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதோ என்று நகத்தால் சுரண்டினான்.

“அது வேற, இது வேற தம்பி,” என்றார் ஞானதுரை, பொறுமை போய்க்கொண்டிருந்த குரலில்.

“வேல செய்யறத காட்டுங்க, நம்பறேன்.”

வாசலில் ஒரு லோடு ஆட்டோ இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. அதன் புகைக்குழாய்ப் பக்கம் ஞானதுரை கருவியை நீட்டினார். எண் கடகடவென்று ஏறி, கருவி கீச்சென்று கத்தியது.

“இன்னா நைனா, என் வண்டிக்கு பொக டெஸ்டா?” என்று சண்டைக்கு வந்தார் ஆட்டோக்காரர். பாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பொட்டலம் கட்டும்போது ஞானதுரை கேட்டார்: “வீட்டுக்குள்ள ஏதும் எரிக்கீங்களா?”

“ஸ்டவ்வு தனியா சமையக்கட்டுல கீது. கம்பெனி வுட்றான்னு சொல்றேன், நீங்க வூட்ட நோண்டறீங்க?” இவரும் கம்பெனிக்கு வேண்டியவரோ என்ற சந்தேகத்தோடு பாரி பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தான். பூஜ்யம். ஆறரை ஆகட்டும், வருவான் என்று கறுவிக்கொண்டு கீழே இறங்கினான். செங்கொடி தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையோடு பால் கொடுத்தால் குழந்தைக்குச் சளி கட்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து, கரியைக் கங்காக்கித் தூபக்காலில் போட்டுச் சாம்பிராணி காட்டுவது பாரியின் வேலை. அவள் முடியை மூங்கில் கூடையின்மேல் பரப்பி, விரலால் கோதிக் கோதிக் காயவைப்பான். பெண்டாட்டிமேல் அவ்வளவு ஆசை. புகை வீணாகாமல் கதவைச் சாத்திப் புடவையைத் திணித்துவிட்டு, கங்கு அணையும்வரை இருக்கட்டும் என்று தூபக்காலைத் தொட்டில் பக்கம் வைப்பான். பிறகு கம்பெனியைக் காவல் பார்க்க மாடிக்குப் போய்விடுவான். குழந்தை சாம்பிராணி வாசத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கும். அதைப் பார்த்து அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று மட்டும் கருவியோடு உள்ளேயே உட்கார்ந்தான். ஆறு. பதினொன்று. இருபத்து நான்கு.

“வுட்டான்! செங்கொடி, வுட்டாம்பாரு!”

கருவியோடு மாடிக்கு ஓடினான். எண் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. கீழே வந்தான். முப்பத்து மூன்று. டேப்பில் எங்கோ ஓட்டை என்று ஜன்னல் இடுக்கெல்லாம் நகத்தால் அழுத்தித் தேய்த்தான். நாற்பத்தொன்று.

“யோவ், எனுக்கு கிர்ருன்னு வருது. அத்த இப்டி குடு,” என்று பாயில் சாய்ந்திருந்த செங்கொடி கையை நீட்டினாள். வாங்கினவள், நிமிர்ந்து பிடிக்கத் தெம்பில்லாமல் அதைத் தூபக்காலின் பக்கத்தில் வைத்தாள். எண் எண்பதைத் தாண்டியது. கருவி அலறியது.

இருவரும் தூபக்காலைப் பார்த்தார்கள். அந்த அலறலுக்கும் குழந்தை கண் திறக்கவில்லை.

பாரி குழந்தையை வாரிக்கொண்டு, செங்கொடியைக் கையைப் பிடித்து இழுத்தபடி தெருவுக்கு ஓடினான். கம்பெனி நாற்றம் மூக்கில் ஏறியது. “கண்ணு, முழிச்சிக்க கண்ணு,” என்று கன்னத்தைத் தட்டினான். ஆஸ்பத்திரிக்குப் பிடித்த ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டும்போதுதான் குழந்தை வீலென்று அழுதது. கேட்டதும் அவனும் அழுதுவிட்டான்.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, நல்ல நேரத்தில் கொண்டுவந்தாய் என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பாரி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இவ்ளோ கரெக்டா எழுதி வெச்சிருக்கியேப்பா. செவ்வாய், வெள்ளின்னா வீட்ல என்ன விசேஷம்?”

பாரி தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்னிக்குத்தான் அவ தல முழுவுவா டாக்டர்,” என்றான். “நான்தான் சாம்பிராணி போடுவேன்.”