நான்காம் எண்ணிக்கைக்கு முன்

தேவாலயத்தின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒலிப்பதிவுக்காரிக்கு உடம்பில் எடையே இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றிருபது பேர் பாட, எழுபது பேர் வாசிக்க, ஒன்றேகால் மணி நேரப் பெருந்துதி போய்க்கொண்டிருந்தது. வயலின்கள் அவளுடைய இடது காதில் விடிந்து வலது காதில் அஸ்தமித்தன. கை கருவியின் மேல் காவல் இருக்க, அவள் பாட்டுக்கு மிதந்தாள்.

மிதப்பிலும் ஒரு முள் உறுத்தியது. பெண்கள் வரிசையில் இரண்டாம் படியில் அவளுடைய அக்கா நின்றாள். தொண்டையில் டாக்டர் கத்தி வைத்து ஒரு வருஷமாகிறது. பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது; பாட்டு அதுவும் இல்லை. ஆனாலும் ஒத்திகை தவறாமல் போய், வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தாள். இசை நடத்துநருக்குத் தெரிந்தால் படியைவிட்டு இறக்கிவிடுவார். தெரிந்தவள் தங்கை ஒருத்திதான்.

கடைசி ஆமெனுக்கு முன்னால் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டும். நான்கு எண்ணிக்கை மௌனம். எதிரொலி கூரை வரை ஏறிக் கரையும். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்கத்தான் நடத்துநர் நேரடிப் பதிவு கேட்டிருந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்றில் ஒரு குரல் விழுந்தது. கரகரப்பாக, ஒற்றையாக, சரியான சுருதியில்.

ஒலிப்பதிவுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவோடு ஒரே படுக்கையில் படுத்து வளர்ந்தவளுக்கு அந்தக் குரலை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சத்தம் வராத வாய்க்கு எண்ணிக்கை எதற்கு என்று அக்கா எண்ணுவதையே விட்டிருந்தாள். தோன்றியபோது திறந்தாள். இந்த முறை உள்ளே குரல் இருந்தது.

சபை கலைந்ததும் நடத்துநர் பின்னறைக்கு வந்து அந்த இடத்தை இரண்டு முறை கேட்டார். பாடகர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு இது?" என்றார் நடத்துநர்.

"தெரியல சார்," என்றாள் தங்கை, கருவியைப் பார்த்தபடி. "நேத்து ஒத்திகையில பதிஞ்ச மௌனம் சுத்தமா இருக்கு. அத எடுத்து ஒட்டிடறேன்."

"ஒட்டிக்கலாம். யாருன்னு கேட்டேன்."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாட்டிக்கொண்டவளின் முகமாக அது இல்லை.

"நான்தான் சார்." சொல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் வந்தது.

"நீங்களாம்மா? ஒரு வருஷமா உங்ககிட்ட ஒரு தப்புகூட கேட்டதில்லையே."

"ஒரு வருஷமா நான் பாடவே இல்ல சார்."

நடத்துநர் கையிலிருந்த குச்சியைப் பைக்குள் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒத்திகை இருக்கு. நாலு வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டு வாங்க."

அவர் போனதும் தங்கை பதிவில் வெட்ட வேண்டிய இடத்துக்கு வந்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்தாள்.

"எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போடேன்."

போட்டாள். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். முடிந்ததும் ஒரு விரலை உயர்த்தினாள். மறுபடியும் போட்டாள். மறுபடியும் விரல். ஏழாவது முறை தங்கையின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. பொத்தானைத் தடவித்தான் மறுபடியும் போட்டாள்.