தன்னைவிடப் பத்து மாதம் மூத்தவள்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினாறு வருடம் தாக்குப்பிடித்தது. அந்த மட்டில் நான் கெட்டிக்காரன்தான்.

மகளுக்கு அப்போது நாலு வயது இரண்டு மாதம். தையற்கடையில் நான் துணி வெட்டுவேன், மனைவி பொத்தானுக்குக் காஜா எடுப்பாள், பிள்ளை மிஷின்களுக்கு அடியில் புகுந்து ஊசி பொறுக்குவாள். ஒருநாள் ஊசி காலில் ஏறிவிட்டது. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்து நிறைந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தது வசதியாகப் போயிற்று. "நிறைஞ்சுடுச்சுங்க" என்று வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு அவளுடைய எல்லாக் காகிதங்களுக்கும் அதுவே தாய்.

மனைவியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து எங்கள் மூவருக்கும் குடியேற்ற மனுப் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மருத்துவச் சோதனை, போலீஸ் சான்றிதழ், காது தெரிய எடுத்த போட்டோ எல்லாம் முடிந்தன. பாக்கி ஒன்றுதான், நேர்காணலுக்குத் தேதி. பிள்ளைக்கு இருபத்தொன்று நிறைவதற்குள் அதைக் குறித்துவிட்டால் மூவரும் போகலாம். தவறினால் எங்கள் இரண்டு பேரோடு சரி. அவள் தனியாக மனுப் போட்டு வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

உண்மையில் அவளுக்கு இருபத்தொன்று நிறைய இன்னும் பத்து மாதம் இருந்தது. காகிதத்தில் வெள்ளிக்கிழமை விடிந்தால் இருபத்தொன்று.

தேதியைத் திருத்தலாமா என்று கேட்க, படிவம் நிரப்பிக் கொடுத்த ஏஜெண்டிடம் போனேன்.

"இப்பப் போய்த் திருத்தினா, இத்தனை நாள் பொய்யா சொன்னீங்கன்னு கேப்பாங்க. மூணு பேருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திடுவாங்க. பேசாம உக்காருங்க அண்ணே" என்றார்.

பேசாமல் உட்காரவும் ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. விசா கொடுக்கும் வெளிநாட்டு அலுவலகத்துக்கு போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண்குரல் நாற்பது நிமிடம் சொன்னது. அவ்வளவு முக்கியமாக என்னை யாரும் நடத்தியதே இல்லை. பிறகு அதுவாகவே வைத்துவிட்டது.

சட்டை வெட்டும்போது தையலுக்குள் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவேன். ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம். பெற்ற பிள்ளையின் வயதில் இப்படி ஒட்ட வெட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். "பத்து மாசம் நான் சுமந்தேன். நீங்க ஒரே நிமிஷத்துல இன்னொரு பத்து மாசத்தைக் கூட்டிட்டீங்க."

மகள்தான் சிரித்தாள். "விடும்மா. அப்பா கூட்டிச் சொல்லலைன்னா நான் இன்னும் ஊசி பொறுக்கிட்டிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. மூவரும் வேலைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தோம். மேஜைமேல் மகளின் போன். நேர்காணல் கடிதம் அதில்தான் வரும்.

"அதான் விடிஞ்சுபோச்சே" என்றாள் மனைவி.

"அங்க இன்னும் நேத்துதான். இன்னும் மூணு மணி நேரம் இருக்கு." மச்சானிடம் கேட்டு வைத்திருந்தேன்.

"ராத்திரி ஒம்போது மணிக்கு எவன் ஆபீஸ்ல உக்காந்திருப்பான்?"

"கம்ப்யூட்டர் இருக்கும்ல?"

அப்போது போன் கிணுங்கியது. நான் பாய்ந்ததில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மகள் போனை எடுத்து ஒரே பார்வையில் படித்து முடித்தாள்.

"பேங்க்லேர்ந்து" என்றாள். "பொறந்தநாள் வாழ்த்தாம்."

அந்தப் பொய்த் தேதிக்கு வருடாவருடம் வரும் ஒரே வாழ்த்து அது. வருடாவருடம் விழுந்து விழுந்து சிரிப்போம். இன்று மனைவி துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

பதினொரு மணிக்கு அங்கேயும் வெள்ளிக்கிழமை பிறந்தது. பேங்க் வாழ்த்துக்குப் பிறகு போன் கிணுங்கவே இல்லை. மகள் எழுந்து முகம் கழுவி, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களாவது வாழ்த்துங்கப்பா. நீங்க குடுத்த பொறந்தநாள்தானே."

அவள் குத்திக்காட்டவில்லை. சமாதானமாகத்தான் கேட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கூசாமல் தேதி சொன்ன வாய்க்கு, ஒரு வாழ்த்துச் சொல்ல வரவில்லை.