நீலத்துக்கு அடுத்தது மஞ்சள்

அந்தக் கைப்பிடி ஒரு பக்கமாகத்தான் சுற்றும். டிராம் ஓட்டுபவனின் தலைக்கு மேலே, கூரையைத் துளைத்து இறங்கும் இரும்புக் கம்பியின் நுனியில் அது இருந்தது. ஒருமுறை இழுத்தால் கூரை மேல் இருக்கும் விளக்குப் பெட்டி கால் சுற்று உருண்டு அடுத்த முகத்தைக் காட்டும். வெள்ளை என்றால் நகரச் சதுக்கம். சிவப்பு சுரங்க வாசல். நீலம் கல்லறைத் தோட்டம். மஞ்சள் ஷெட். கண்ணாடி மேல் எழுத்தும் உண்டு. ஆனால் எங்கள் கரிச்சுரங்க ஊரான ஸ்க்ராண்டனில் பாதிப் பேர் எழுத்தைப் பார்த்து டிராம் ஏறியவர்கள் அல்ல. கடல் தாண்டிக் கரி வெட்ட வந்தவர்களுக்கு நிறம் போதுமாக இருந்தது. மஞ்சளைக் கண்டால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் தாங்களாகவே ஓரடி பின்னால் போய்விடுவார்கள். ஷெட்டுக்குப் போகிற வண்டி யாரையும் ஏற்றாது.

விஷக்காய்ச்சல் வந்த அந்த அக்டோபரில் பள்ளிக்கூடம், சாராயக் கடை, தேவாலயம் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். டிராமை மட்டும் மூடவில்லை. ஓட்டுபவர்களில் பாதிப் பேர் படுக்கையில் கிடந்ததால் ஆல்டர் தெரு வழியாக மலையேறும் தடத்தில் இருட்டிய பிறகு ஒரே ஒரு வண்டிதான் ஓடியது. அதை எம்லின் ப்ரைஸ் ஓட்டினான்.

அவன் வீடு அந்தத் தடத்திலேயே இருந்தது. ஆல்டர் தெரு நேராக மேலேறி வந்து, அவன் வீட்டு வாசலுக்கு முன்னால் இடப்பக்கம் வளைந்து போகும். வளைவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தம். மேலே ஏறிவரும் வண்டியின் விளக்கு முதலில் மாடி அறையின் சன்னலில் விழும், பிறகு மச்சில் ஊர்ந்து, சுவர் வழியாக இறங்கிப் போய்விடும். கல்யாணமான புதிதில் அவன் மனைவி நெஸ்டா அதைப் பார்த்துத்தான் அடுப்பை மூட்டுவாள். இப்போது அவள் அந்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

"மறுபடி வந்துடுச்சு," என்றாள் ஒரு நாள் அவன் வீடு திரும்பியதும்.

"எது?"

"நீலம். மச்சுல வந்து நின்னு என்னைத் தேடுது."

"அது என் வண்டிதான் நெஸ்டா. நான்தான ஓட்டிட்டு வரேன்."

"அதான் பயமா இருக்கு. நீயே வந்து கூட்டிட்டுப் போற மாதிரி."

அவளுடைய உதடுகள் ஏற்கெனவே நீலமாகத்தான் இருந்தன. அந்த நிறம் முகத்துக்குப் பரவினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் கழித்து, "இனிமே நீலம் இந்தச் சன்னல்ல விழாது," என்றான்.

மறுநாள் மாலை, நிறுத்தத்துக்கு முன்பாகவே கைப்பிடியை ஒருமுறை இழுத்தான். நீலத்துக்கு அடுத்தது மஞ்சள். அதனால்தான் மஞ்சள், வேறு யோசனை எதுவும் இல்லை. வளைவைத் தாண்டிய பிறகு மறுபடி நீலத்துக்கு வர மூன்றுமுறை இழுக்க வேண்டியிருந்தது. மலைப்பாதையின் ஈரக் கற்கள் மேல் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று அடுத்தடுத்து விழுந்தன.

பின்மேடையில் நின்ற கண்டக்டர் டர்கின் நடுவழியாக முன்னால் வந்தான். வாயை மூடியிருந்த துணிக்குமேல் அவனுடைய கண்கள் சிரித்தன.

"என்னடா வேல்ஸ்காரா, திருவிழா மாதிரி கலர் கலரா விடறே? உங்காளுங்க பாட்டுத்தான் பாடுவாங்கன்னு நெனச்சேன்."

"சும்மா இரு டர்கின்."

"நடுவழியில பெட்டியத் திருப்பினா சீட்டக் கிழிச்சிருவாங்க. தெரியுமில்ல?"

எம்லின் திரும்பாமல் சொன்னான்: "நெஸ்டா அந்த வெளிச்சத்தப் பாத்துப் பயப்படறா."

சுகாதார உத்தரவுப்படி எல்லாச் சன்னல்களும் திறந்திருந்தன. காற்று உள்ளே புகுந்து வெறும் இருக்கைகளைத் தாண்டிப் போயிற்று. "நான் வண்டிக்குள்ள இருக்கறவன்," என்றான் டர்கின். "கூரை மேல என்ன கலர் எரியுதுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

அந்த நிறுத்தத்தில் மாலையில் மலைக்குப் போக யாரும் ஏறுவதில்லை என்று எம்லின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காய்ச்சலுக்கு முன்னால் அது உண்மையாக இருந்தது. இப்போது குழி வெட்ட ஆள் இல்லாமல், சுரங்கத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்து, தொப்பி விளக்கைக் கழற்றாமலேயே தங்கள் வீட்டுக் குழியைத் தாங்களே வெட்டினார்கள். பெரியவர்களின் உடல்களைக் குதிரை வண்டி மொத்தமாக எடுத்துப் போயிற்று. குழந்தைகளின் உடல்களைப் பெற்றோரே மடியில் வைத்து டிராமில் கொண்டு போனார்கள். அது எம்லினுக்குத் தெரியும். தினமும் பார்த்தான். ஆனாலும் வளைவு நெருங்கும்போது கை மேலே போயிற்று.

பகலில் நெஸ்டாவைப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு ஸுஸா. அவள் புருஷன் ஓந்த்ரே ஹுடாக் கரி வெட்டுபவன். ஸ்லோவாக்கியர்கள், பின்கட்டில் ஒரே அறையில் கைக்குழந்தையோடு இருந்தார்கள். ஸுஸா முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, நெஸ்டாவின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டுவாள். தொற்றிக்கொள்ளும் என்று எம்லின் எச்சரித்தான்.

"எனக்கா?" என்றாள் ஸுஸா. "காய்ச்சல் வந்து என்ன பண்ணும் மிஸ்டர் ப்ரைஸ்? எங்க ரூம்ல அதுக்கு நிக்கவே எடமில்ல."

மஞ்சள் வரத் தொடங்கியதிலிருந்து நெஸ்டா தூங்கினாள். உதட்டில் நீலம் குறைந்தது போலத் தோன்றியது. அது விளக்கால் வந்ததா, சூப்பால் வந்ததா, தானாக வந்ததா என்று எம்லினுக்குத் தெரியாது. எதையும் மாற்ற அவனுக்குத் துணிவில்லை.

ஒரு நாள் ஸுஸா மேலே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எம்லின் வேலைக்குக் கிளம்பும்போது பின்கட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. நேரமாகிவிட்டது, அவன் போய்விட்டான்.

அன்று மாலை மழை. திறந்த முன்சன்னல் வழியாகத் தண்ணீர் முகத்தில் அடித்தது. வளைவுக்குக் கீழே கைப்பிடியை இழுத்தான். மஞ்சள் வெளிச்சத்தில் நிறுத்தத்தில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. அவை பின்னால் நகர்ந்தன. அவன் மனத்தில் முதலில் வந்தது ஒரு நிம்மதி: நிறுத்த வேண்டியதில்லை. வண்டி வளைவில் ஏறியது. அதே கணத்தில் பின்னாலிருந்து டர்கின் மணியை இழுத்தான், மறுபடியும் இழுத்தான்.

ஈரத் தண்டவாளத்தில், அந்த வளைவில், பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். மேலே சமதரைக்கு வந்துதான் நிறுத்த முடிந்தது. டர்கின் ஓடிவந்தான்.

"ஹுடாக்டா அது! அவனும் அவன் பொண்டாட்டியும். கையில பெட்டி."

"என்ன பெட்டி?"

"சுரங்கத்து வெடிமருந்துப் பெட்டி, கொழந்த அளவுக்கு. எழுத்தைச் செதுக்கி எடுத்துட்டு... டேய், என்ன பெட்டின்னு என்னையா கேக்கற?"

இருவரும் இறங்கிக் கீழே பார்த்தார்கள். நிறுத்தம் காலியாக இருந்தது. டர்கின் கைகளைக் குவித்துக் கூப்பிட்டான். கரிக்கழிவு மேட்டின் மேல், குறுக்குப் பாதையில், ஒரு தொப்பி விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அது திரும்பவில்லை. இன்றைக்கு இனி வண்டி இல்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஷெட்டுக்குப் போகிற வண்டியைப் பார்த்த யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

கல்லறைத் தோட்ட வாசலில், கிளம்பும் நேரம் கடந்தும் எம்லின் வண்டியை எடுக்கவில்லை. கடைசியில் மேட்டுப்பக்கத்திலிருந்து இருவரும் வந்தார்கள். ஹுடாக்கின் மேல்சட்டைக்குள் பெட்டி நனையாமல் இருந்தது. ஸுஸாவின் சால்வையிலிருந்து தண்ணீர் கயிறாக இறங்கியது. அவள் இருமி முடித்துவிட்டு எம்லினைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா மேல வர முடியல மிஸ்டர் ப்ரைஸ். அவங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா," என்றான்.

அதற்குமேல் அவன் சொல்ல நினைத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அவர்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை அது வாயிலேயே இருந்தது.

வீட்டில் நெஸ்டா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல்முறை. அவன் சந்தோஷப்படுவதற்குள் அவள் பேசினாள்.

"இன்னிக்கு எந்திரிச்சுச் சன்னல் வரைக்கும் போனேன்."

அவன் பூட்ஸ் நாடாவை அவிழ்ப்பதை நிறுத்தினான்.

"ஸுஸா கீழ நின்னுட்டிருந்தா. என்னைப் பாத்ததும் கையாட்டினா. நான் எந்திரிச்சாச்சுன்னு அவளுக்குச் சந்தோஷம். அப்பறம் உன் வண்டி வந்தது. அவ பின்னால போயிட்டா."

"நெஸ்டா..."

"ஷெட்டு இந்தப் பக்கம் இல்லையே எம்லின். நான் இந்த ஊர்லயே பொறந்தவ. முதல் நாளே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ எனக்காகப் பண்றேன்னு நெனச்சிட்டுப் படுத்திருந்தேன். அது நல்லா இருந்தது." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "யாராவது நிப்பாங்கன்னு எனக்குத் தோணல. உனக்குத் தோணிருக்கும்."

கீழே பின்கட்டில் ஸுஸா இருமுவது தரைப்பலகை வழியாகக் கேட்டது. அவர்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நீலமே வரட்டும்," என்றாள் நெஸ்டா.

நீலமே வந்தது. அந்த வாரம் முழுவதும் ஆல்டர் தெரு நிறுத்தத்தில் எம்லின் வண்டியை நிறுத்தினான். சில நாள் யாராவது ஏறினார்கள். யாரும் இல்லாதபோதும் நிறுத்தினான். வெளிச்சம் சன்னலில் விழும்போது நெஸ்டா கண்ணை மூடிக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். இப்போது அவள்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து. நான்காவது முறை போனபோது ஸுஸாவின் முகத்தில் அந்த நிறம் ஏறியிருந்தது. சூப்பைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டாள்.

குதிரை வண்டி மறுநாள் மதியம் வந்து ஸுஸாவை மற்றவர்களோடு ஏற்றிப் போயிற்று. அப்போது ஹுடாக் சுரங்கத்துக்குள் இருந்தான். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவனைப் போட்டுவிடுவார்கள். மாலையில் அவன் நிறுத்தத்தில் நின்றான், தோளில் மண்வெட்டியும் தொப்பியில் எரியும் விளக்குமாக. கருவி கொண்டு வருபவர்கள் முன்மேடையில்தான் நிற்க வேண்டும். அவன் எம்லினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கரியும் ஈரக் கம்பளியும் சேர்ந்த வாசனை வந்தது.

"இன்னிக்கு நீலம்," என்றான் ஹுடாக். "நல்லது. மேட்டு வழி ரொம்ப வழுக்கும்."

வண்டி கிளம்பியது. வளைவு நெருங்கியது. எம்லினின் வலக்கை தானாக எழுந்து கைப்பிடியைத் தொட்டது.

தொட்டதும் அவனுக்குத் தெரிந்தது. கையைக் கீழே இறக்கினான். ஆனால் சும்மா இருந்த கை, வளைவு வந்ததும், தலைக்கு மேல் போய் வந்ததை ஹுடாக் பார்த்துவிட்டான். இருட்டில் விசையும் சங்கிலியும் இழுத்துப் பழகியவன் அவன். கைப்பிடியைப் பார்த்தான். அதற்குமேல் கூரைக்குள் போகும் கம்பியைப் பார்த்தான். பிறகு எதிரே நீல வெளிச்சம் விழுந்த சன்னலைப் பார்த்தான். அங்கே நெஸ்டா உட்கார்ந்திருந்தாள்.

மலை ஏறி முடியும்வரை மோட்டாரின் முனகல் மட்டும் இருந்தது. எம்லின் அந்த நேரம் முழுவதும் ஒரு அடியை, ஒரு வசையை எதிர்பார்த்தான். அது வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

கல்லறைத் தோட்ட வாசலில் வண்டி நின்றது. ஹுடாக் இறங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரி எந்திரிச்சு உக்காந்துட்டாங்க," என்றான்.

"ஆமா."

"பொழச்சுக்குவாங்கன்னு ஸுஸா சொல்லிட்டே இருந்தா." அவன் மண்வெட்டியின் பிடியைத் துடைத்தான். "காய்ச்சல் ஏறினப்பறம் அவ அந்த ஸ்டாப்புலயே நின்னுட்டிருந்தா மிஸ்டர் ப்ரைஸ். கட்டில்ல படுத்துக்கிட்டே. 'மஞ்சள் போயிடுச்சு, இரு, அடுத்தது நம்மளது'ன்னு ராத்திரி பூரா சொன்னா. என்ன ஒளர்றான்னு எனக்குப் புரியல. இப்பத்தான் புரியுது."

"ஹுடாக், அன்னிக்கு நான் உங்களப் பாத்தேன். யாருன்னு தெரியல. ஆனா ரெண்டு பேர் நின்னதப் பாத்தேன்."

ஹுடாக் தலையசைத்தான், விலை சொன்னதைக் கேட்டுக்கொண்டவன் போல.

தண்டவாளத்துக்கு மணல் போடுவதற்காக முன்மேடையில் ஒரு சின்ன மண்வெட்டி உண்டு. எம்லின் அதை எடுத்தான். "நானும் வரேன்."

"வேண்டாம்," என்றான் ஹுடாக். குரலில் கோபம் இல்லை. "கீழ போறதுக்கு ஆளுங்க நிக்கறாங்க. உங்களுக்கு வண்டி இருக்கு."

அவன் இறங்கி வாசலுக்குள் நடந்தான். சரிவு முழுக்கத் தொப்பி விளக்குகள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அவனுடைய விளக்கும் அவற்றுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எது அவனுடையது என்று தெரியவில்லை.

"போலாமா?" என்று டர்கின் பின்னாலிருந்து கேட்டான். வழக்கமான கிண்டல் எதுவும் அதில் இல்லை.

எம்லின் மணல் மண்வெட்டியை அதன் கொக்கியில் மாட்டினான். கைப்பிடியைப் பிடித்தான். அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும். நீலத்திலிருந்து வெள்ளைக்குப் போக வேறு வழி இல்லை. ஒருமுறை இழுத்தான். வாசலில் காத்திருந்தவர்கள் மேல் மஞ்சள் விழுந்தது. களைத்த முகங்கள். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

இன்னொருமுறை இழுத்தான். வெள்ளை வந்தது. அவர்கள் மெல்ல முன்னால் வந்து ஏறினார்கள். ஒரு கிழவி மட்டும் நம்பாமல் மதில் ஓரத்திலேயே நின்றாள். டர்கின் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது.