இரண்டு கோட் வெள்ளை

என் வீட்டுக்காரர் பெயின்டர். எந்தச் சுவரில் கறையைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். எங்கள் வீட்டுச் சுவரை மட்டும் எட்டு மாதமாக அவரைத் தொடவிடாமல் நான் காவல் காத்தேன்.

காரணம் இருக்கிறது. அவருடைய கம்பெனி கொடுத்த தரைத்தள வீடு இது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, கட்டில் உயரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. துடைத்தால் நாலே நாளில் மறுபடி கறுக்கும். அதோடு ஆறு வயது மகளுக்கு இளைப்பும் வந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போய்விடும். இந்த அறையில் படுக்க வைத்துக்கொண்டே மருந்து கொடுத்து என்ன பயன் என்று டாக்டர் கேட்டார். இருப்பதே இந்த ஒரு அறைதான், நான் எங்கே போவேன்? மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. கம்பெனி அதிகாரி வந்து சுவரைப் பார்த்து எழுதினால் மாற்றித் தருவார்கள். அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்த பிறகு, வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

புதன்கிழமை மகளுக்கு மூச்சு முட்டியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வெள்ளி காலை வீட்டுக் கதவைத் திறந்தால், சுவர் பால் மாதிரி இருக்கிறது. சுரண்டி, ப்ரைமர் அடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் அடித்திருக்கிறார். காயவைக்கச் சூட்டுக்காற்று மெஷின்கூட யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறார்.

"புள்ள திரும்பி வந்து அந்தக் கறுப்பையே பார்க்கணுமா? பெரிய மனுஷரும் வர்றாரு, அசிங்கமா இருக்கக்கூடாதுன்னுதான்..." என்றார். தூங்காமல் கண் சிவந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த மனுஷனை என்னவென்று திட்டுவது? தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். பட்டித்தகட்டை எடுத்து நானே சுரண்டினேன். உள்ளேயும் வெள்ளைதான் வந்தது. இந்த மனுஷனுக்கு அரைகுறையாக வேலை செய்யத் தெரியாது, அதுதான் எங்கள் கெட்ட காலம். டாக்டர் சீட்டை நீட்டினேன். அதில் நோய்தான் இருக்கிறது, சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். வீட்டுக்காரர், எல்லாம் தன் தப்புதான் என்று கையைக் கூப்பினார்.

"நீங்க பொய் சொல்றதா நான் சொல்லலம்மா. கண்ணால பார்க்காததை எப்படி எழுதுறது? மாசக் கடைசி வரைக்கும் மாடி வீட்டை யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன். அதுக்குள்ள திரும்பக் கறுத்தா சொல்லியனுப்புங்க" என்றார் அதிகாரி.

அன்றிலிருந்து கண் விழித்ததும் சுவரைத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியே வைத்தார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் திறக்கவில்லை. புது வாசனை நன்றாக இருக்கிறது என்று மகள் மட்டும் அப்பாவைப் பாராட்டினாள்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்தவளுக்கு மறுபடி இளைப்பு. நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரை வாயில் வைத்து, இழும்மா இழு என்று முதுகைத் தடவினேன். அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால், தரையோரமாக, கடுகளவு கறுப்பு தெரிந்தது.

பாவி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.