குமிழுக்குக் கீழே சுண்டுவிரல்

என் கணவருக்கு மட்டை என்றால் நீளமாக இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும். செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவுக்கு அவர் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமையானால் தொழிற்சாலையின் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளர். இரண்டு இடத்திலும் அதே தொண்டைதான். வீட்டுக்கு வந்தாலும் அதை இறக்கி வைக்க மாட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆளில்லை.

எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த என் தம்பியும் அந்த அணியில் ஆடினான். மற்ற நாளெல்லாம் அதே தொழிற்சாலையில் லாரியில் பெட்டி ஏற்றுவான். ஆள் அவ்வளவு ஒல்லி. 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உடம்புக்கு ஏற்ற மாதிரி குட்டையான, லேசான மட்டை ஒன்று வைத்திருந்தான். மட்டையின் கைப்பிடி முடிகிற இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதை விட்டு இரண்டு விரற்கடை மேலே ஏற்றிப் பிடிப்பான். அப்படிப் பிடித்தால் மட்டை சொன்ன பேச்சைக் கேட்கும். எப்பேர்ப்பட்டவன் பந்து வீசினாலும் எங்கேயாவது தட்டிவிட்டு ஓடிவிடுவான். பந்து வேலியைத் தாண்டாது, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என் கணவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய கிளப்பிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள், எடுத்தால் கிளப்பிலேயே வேலையும் சம்பளமும் உண்டு என்று தெரிந்ததும், பீரோ மேலிருந்து தன் பழைய நீள மட்டையை இறக்கினார்.

"மாப்ள, தட்டிட்டு ஓடுறவனை அவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வேலியைத் தாண்டணும். கடைசி வரைக்கும் கீழே பிடி. சுண்டுவிரல் குமிழுக்குக் கீழே தொங்கட்டும். அப்பதான் மட்டையோட முழு நீளமும் வேலை செய்யும்."

"உள்ளங்கையில இடிக்குது மாமா."

"பழகிடும்."

பழகித்தான் போனது. முதலில் காற்றை அடித்தான். பிறகு பந்து வேலியைத் தாண்ட ஆரம்பித்தது. தாண்டும்போதெல்லாம் என் கணவர் தானே அடித்த மாதிரி இரண்டு கையையும் தூக்குவார். தம்பி சிரிப்பான். லாரியிலிருந்து தப்பித்துவிடலாம் என்கிற சிரிப்பு அது. அவனைத் தூக்கி வளர்த்த எனக்கா தெரியாது?

வலதுகைக்காரன் மட்டை பிடித்தால் இடது கைதான் கீழே வரும். வீசுகிற ஒவ்வொரு தடவையும் குமிழ் அந்த உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கத்துச் சதைமேட்டில் இடித்தது. ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது அவனால் பேஸ்ட் டியூப்பைக்கூடப் பிதுக்க முடியவில்லை. கையைப் பிடித்து அந்த இடத்தை லேசாக அழுத்தினேன். "ஐயோ அக்கா!" என்று அலறினான். அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இங்க கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு. அது உடைஞ்சிருக்கு. கடைசி ரெண்டு விரலையும் மடக்குற தசைநார் அந்த உடைஞ்ச முனையிலதான் உரசுது. துண்டை எடுத்துட்டா ரெண்டு மாசத்துல பழையபடி விளையாடலாம். இப்படியே மட்டையைப் பிடிச்சா, கயிறு தேயற மாதிரி தேஞ்சு அறுந்துடும். அறுந்தா விரல் மடங்காது. தைச்சாலும் பழைய பிடி வரும்னு என்னால சொல்ல முடியாது."

கிளப்காரர்கள் ஆள் எடுக்கும் தேர்வு அந்த ஞாயிற்றுக்கிழமை.

"ஒரே ஒரு நாள்க்கா. திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

"கை போச்சுன்னா பெட்டிகூடத் தூக்க முடியாதுடா, மடையா!"

"காலம் பூரா பெட்டி தூக்கறதுக்கு இந்தக் கை எதுக்குக்கா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் கணவர் அன்றைக்கு அதிசயமாகக் கத்தவில்லை. நீள மட்டையை மடியில் போட்டு உட்கார்ந்து, குமிழுக்கு மேலே டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினார். குமிழ் தெரியாமல் கைப்பிடி சரிவாக இறங்கும்வரை சுற்றி, அவனிடம் நீட்டினார். அவன் வாசலில் நின்று வீசிப் பார்த்தான்.

"வலியே இல்ல மாமா!"

"நான் சொன்னேன்ல?"

வலி போனால் காயமும் போய்விட்டது என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவனை நிறுத்திக்கொண்டிருந்தது வலி ஒன்றுதான். அதன் வாயையும் கட்டியாயிற்று. சனிக்கிழமை வரை முன்னைவிட அதிகமாக வீசினான். நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. மட்டையை ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துவிட்டார்கள். "உன் தம்பி முன்னேறுறது உனக்கே பிடிக்கலையா?" என்று கேட்டார் என்னைக் கட்டிய புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், எனக்காகத்தான், குட்டை மட்டையோடு முதலில் இறங்கினான். ஆளில்லாத இடம் பார்த்து அடுத்தடுத்து அழகாகத் தட்டினான். எனக்கு உயிர் வந்தது. கிளப்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத்தான் தட்டுறான். இந்த மாதிரி எங்ககிட்டயே நிறைய பேர் இருக்காங்க. தூரமா அடிப்பானா?"

தம்பி என்னைத்தான் பார்த்தான். "வேணாம்டா!" என்று கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். அதற்குள் என் கணவர் நீள மட்டையின் கைப்பிடியை அவன் பக்கம் நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டான்.

பந்து வேலியைத் தாண்டியது, அதற்குப் பின்னால் ரோட்டையும் தாண்டியது என்று பிறகு சொன்னார்கள். நான் பந்தைப் பார்க்கவில்லை. மட்டை அவன் கையிலிருந்து நழுவிப் புழுதியில் உருண்டதைத்தான் பார்த்தேன். எல்லோரும் ஓடு ஓடு என்று கத்துகிறார்கள், அவன் இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஓடிப்போய் வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்குக் கூட்டி வந்தேன். என் கணவரும் வந்தார். தம்பி உள்ளங்கையை மேலே காட்டித் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினான்.

"அக்கா, மடக்குறேன். பயமா இருக்கு, நான் பார்க்கல. நீ பார்த்துச் சொல்லு. மடங்குதா?"

மூன்று விரல் மடங்கியது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் நீட்டியபடி கிடந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்கிறான், நெற்றியெல்லாம் வேர்த்து வழிகிறது, அந்த இரண்டும் அசையவே இல்லை.

"அந்தப் பையனை அதே மட்டையில இன்னொண்ணு அடிக்கச் சொல்லுங்க!" என்று கிளப்காரர் சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

"அக்கா?"

என் கணவர் அவன் முன்னால் மண்டியிட்டார். அந்த இரண்டு விரலையும் பிடித்து உள்ளங்கைக்குள் மடக்கி வைத்தார்.

"மடங்கிடுச்சு மாப்ள. பாரு, மடங்கிடுச்சு."

தம்பி கண்ணைத் திறந்தான். அவர் கையை எடுத்தார். விரல்கள் மெல்ல நிமிர்ந்துகொண்டன.