மாடி வீட்டைப் பற்றிய சீட்டு

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய மனுஷரை எல்லாரும் புரூஃப் சார் என்றே கூப்பிட்டார்கள். மனைவி போன பிறகு பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. அதனாலோ என்னவோ, ஆலயத்து ஜெபப் பெட்டியில் விழும் சீட்டுகளுக்காக ஜெபிக்க ஆள் வேண்டுமென்று போதகர் கேட்டபோது அவர்தான் கை தூக்கினார். சீட்டில் இருப்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

செவ்வாய்க்கிழமை பகலில் காலி பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் முழங்காலில் நிற்பார். கர்த்தருக்கு எப்படி எழுதினாலும் புரியும், தன் கைதான் சும்மா இருக்காது என்பார்.

அன்றைக்கு வந்த ஒரு சீட்டில் திருத்த எதுவுமில்லை. 'மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். கீழே ஒரே அறை. மாடியில் இருப்பவர் மனைவியை இழந்தவர். காலி செய்யச் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரே, நீரே வழி காட்டும்.'

தண்ணீர் மோட்டார் ரிப்பேரான நாட்களில் அவருடைய மாடிக் கதவிடுக்கில் செருகியிருக்கும் துண்டுக் காகிதங்களின் அதே கையெழுத்து. வீட்டுக்கார அம்மா.

ஜெபிக்க ஆரம்பித்தார். மகளின் புருஷன் மனம் மாறி அழைத்துப் போகட்டும், அவர்களுக்கு வேறு வீடு அமையட்டும் என்று, தன் மாடியைக் காப்பாற்றும் பக்கமே வாய் போயிற்று. மனைவி கடைசியாய்ப் படுத்திருந்த அறை அது. மூன்று தடவை பாதியில் எழுந்துவிட்டார்.

நாலாவது தடவை, "அவங்க கேட்டதையே தாரும் ஆண்டவரே. என்னைப் பார்க்க வேண்டாம்" என்றார்.

சாயங்காலமே கீழே போய், மாசக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னார். படியேற முட்டி ஒத்துழைக்கவில்லை என்று காரணம் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே போவீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்டிக்கட்டைக்கு ஒரு அறை போதாதாம்மா?"

அவர் சாமானை மாடியிலிருந்து இறக்கிய அன்று, மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறும் அறைக்குள் நடந்து பார்த்தாள். தாய் அவரிடம் வந்து, "யாரோ எங்களுக்காக ஜெபிச்சிருக்காங்க சார்" என்று கண்ணைத் துடைத்தாள். அவர் மாடிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

புது அறை பஸ் டிப்போவுக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் சுவர். முதல் வாரம் முழுக்க ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் மட்டும் யாரோ விடாமல் இருமினார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் தினமும் அவர்களுக்காக ஜெபித்தார். எட்டாம் நாள் போய்க் கதவைத் தட்டி, வெந்நீர் வேணுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. அவர் தன் அறைக்குத் திரும்பி, அந்த இருமலுக்காக மறுபடி முழங்காலில் நின்றார்.